ஊசிமுனைப் புள்ளிகள்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் படிப்புக்குக் குறைச்சலில்லை; தான் வைத்த தட்டைத் தானே எடுத்துப் போடத்தான் துப்பில்லை. குளிர் அறையில் மாதக்கணக்கில் ஈஸ்ட் வளர்க்கும் தட்டுகளை அடுக்கிவைப்பார்கள். ஈரம் கோத்து மூடியில் எழுதியது அழிந்த பிறகு, "யாரோடது இது?" என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பார்கள். இப்படிப் பொருமிக்கொண்டேதான் பெரியவர் அன்று காலை இரண்டு மூட்டைத் தட்டுகளை நீராவிக் கொப்பரைக்குள் தள்ளிக் கதவை முறுக்கினார். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதும், கழிவை அவித்துக் கொட்டுவதும் அவர் வேலை. சொல்லிச் சேர்த்துவிட்டது அவருடைய தம்பி மகள். அவள் அங்கே ஆராய்ச்சி மாணவி.

அரைமணி கழித்து அவளே மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"பெரியப்பா, குளிர் ரூம்ல நடு அடுக்குல ஒரு தட்டு இருந்துச்சே, எங்க?"

"பேர் இல்லாததையெல்லாம் அவிச்சிடச் சொன்னது உங்க சாருதானே? உள்ள வெந்துக்கிட்டிருக்கு."

"பார்க்காமயா எடுத்தீங்க?"

"பார்க்காம என்ன? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் முளைக்கல. சுத்தக் காலி."

"காலி இல்ல பெரியப்பா. ஊசிமுனை மாதிரி புள்ளி புள்ளியா இருந்திருக்கும். அதுதான் என்னோடது. கடைசித் தட்டு."

அவர் விசையை அணைத்தார். அழுத்தம் இறங்காமல் கதவு திறக்காது. அவள் கைப்பிடியை இழுத்தாள்.

"விடு, மூஞ்சி வெந்துபோகும்! உறைபெட்டியில நாப்பது குழாய் வெச்சிருக்கியே, அது என்னாச்சு?"

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதுலேர்ந்து எடுத்து ராத்திரி வளர விட்டு, எவ்வளவு வேகமா வளருதுன்னு காலையில கணக்குப் பார்த்தேன். எல்லாம் குதிரை மாதிரி ஓடுது. என் ஈஸ்ட் நொண்டணும், பெரியப்பா. புரதம் நெய்யற தறி ஒண்ணு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கு, ரைபோசோம்னு பேரு. அந்தத் தறியில ஒரு உறுப்பைச் செய்யற மரபணு ஈஸ்ட்டுக்கு ரெண்டு பிரதி. நான் ஒண்ணை வெட்டி எடுத்தேன். உடனே மெதுவாயிடுச்சு."

"ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்கே?"

"நாலு வருஷமா எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க!" சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. "உறைய வைக்கும்போது தட்டுல கொழுகொழுன்னு இருந்ததா பார்த்து எடுத்தேன். நோஞ்சானை யார் எடுப்பா? அதெல்லாம் வேற ஏதோ மரபணு மாறி, நொண்டாம நடக்கக் கத்துக்கிட்ட திருட்டுப் பயலுங்க. நாப்பது குழாயிலயும் அதுங்கதான்."

"மறுபடி வெட்டேன்."

"மூணு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை என் ஆராய்ச்சியைச் சோதிக்கற குழு முன்னாடி வளர்த்துக் காட்டணும். இல்லன்னா என் இடம் வேற ஆளுக்கு."

அன்று புதன்.

கதவு ஒருவழியாகத் திறந்தது. தட்டுகள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சள் கட்டியாகக் கிடந்தன. அவித்த தட்டில் உயிர் மிஞ்சாது என்று அவருக்குச் சொல்லித் தந்தவள், தடித்த கையுறையோடு அந்தக் கட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏம்மா, பழைய கணக்கையே காட்டிடேன். வர்றவனுக்கு என்ன தெரியப் போகுது?"

"நாளைக்கு இன்னொருத்தர் அந்தக் குழாயை வாங்கி வளர்த்துப் பார்த்தா?"

"நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள். "சார், உறைபெட்டியில இருக்கறது எதுவும் என்னோட ஈஸ்ட் இல்ல. நான் தப்பா எடுத்து வெச்சிருக்கேன். தட்டும் போயிடுச்சு." அடுத்துத் தன் பெயர் வரும் என்று பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை. "வெள்ளிக்கிழமை காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார்... சரி சார்... என் இடத்தைக் காலி பண்ணிடறேன் சார்."

போனை வைத்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்து அவிச்சேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று கத்தினார்.

"சொன்னா புள்ளி திரும்பி வந்துடுமா?"

கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காக, யாரும் கேட்காத உண்மையைச் சொல்லி ஒருத்தி தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வாளா? இதில் என்ன படிப்பு, என்ன நியாயம்? மண்டையில் ஏறவில்லை. உருகிய கட்டியை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, "கூறு கெட்ட பொண்ணு" என்று முணுமுணுத்தபடி நடையில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.