இரும்பு இழுத்த முள்

மார்ச் 12, செவ்வாய்.

முதலில் என் தப்பு. சனிக்கிழமை சுரங்கத்துக்குள் திசைமானியை வைத்து அளந்தோம். வாசலிலிருந்து சுரங்கம் திரும்பும் வளைவைப் பார்த்தபோது 62 பாகை. வளைவிலிருந்து வாசலைத் திரும்பிப் பார்த்தால் அதோடு 180 கூடி 242 வர வேண்டும். முள் 231 காட்டியது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து, ரப்பரால் அழித்து 242 என்று எழுதிவிட்டேன். கூட வந்தவர்களிடம் சொல்லவில்லை. எதிலாவது சந்தேகம் வந்தால் எனக்கு முதலில் என் மேல்தான் வரும்.

அப்படி அழித்ததால் எட்டு வீடுகள் காலியாகப் போகின்றன. நூற்றிருபது வருடத்துக்கு முன் வெட்டிய சுரங்கம் எங்கள் வீட்டு வரிசைக்கு அடியில் போவதாகப் பழைய வரைபடத்தில் இருக்கிறது. தரை உள்வாங்கிவிடும் என்று சுரங்க அலுவலகத்துக்குப் பயம். படத்தைச் சரிபார்க்கும் வேலையை மாலை வகுப்பில் நில அளவை படிக்கும் எங்களிடம் கொடுத்தார்கள். வளைவில் நின்று அதற்கு அப்பால் நான் எடுத்த திசை படத்தோடு அச்சாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டேன். நேற்றுக் காலை எட்டுக் கதவிலும் நோட்டீஸ்: ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யவும். அதில் எங்கள் கதவும் ஒன்று. குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "படிச்ச புள்ள, நல்லாத்தான் அளந்திருக்க" என்றாள்.

நேற்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. அம்மா தையல் மிஷினில் இருந்தாள். கீழே விழும் குண்டூசிகளைப் பொறுக்க ஒரு லாடக் காந்தம் வைத்திருக்கிறாள். வளைவிலிருந்து நான் எடுத்துவந்த கறுப்புக் கல் மிஷின் பலகையில் கிடந்தது. அவள் காந்தத்தை வைத்ததும் அது போய்க் கல்லில் ஒட்டிக்கொண்டது.

"என்னடி, உன் கல்லு என் காந்தத்த விடமாட்டேங்குது?"

காந்தத்தைப் பிய்த்து மறுபடி வைத்துப் பார்த்தேன், மறுபடியும் ஒட்டியது. இந்த மலையில் உருகிய பாறை சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து, இரண்டும் தொட்ட இடத்தில் இரும்பும் செம்பும் சேர்ந்தே படிந்தன. முதலில் வந்தவர்கள் மேலே கிடந்த இரும்பை வெட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் பச்சைக் கறையைப் பார்த்துச் செம்பைத் தேடி உள்ளே போனார்கள். கறுப்பு இரும்புக்கல்லைச் சுவராக விட்டுவிட்டார்கள். இதைப் பரீட்சையில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அந்தச் சுவரை ஒட்டி நின்றே திசைமானியை நம்பினேன். முள்ளைச் சுவர் இழுத்துவிட்டது. பழைய படத்தை வரைந்தவரும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். எங்கள் இருவர் அளவும் பொருந்தியதற்கு அதுதான் காரணம்.

இன்று வேலைக்கு அரை நாள் லீவு போட்டேன். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் சித்தப்பாவின் பொறுப்பு, சாவி அவரிடம்தான். திசைமானியைத் தொடவே இல்லை. வளைவில் கயிற்றால் முக்கோணம் கட்டி, அதன் மூன்று பக்கத்தையும் நாடாவால் அளந்து கோணம் கண்டுபிடித்தோம். என்னை நான் நம்பாததால் மூன்று முறை. மூன்றிலும் படத்தோடு வித்தியாசம் பதினொரு பாகை. வளைவிலிருந்து நூறு மீட்டர் போனால் அது பத்தொன்பது மீட்டர் விலகல். அதாவது சுரங்கம் போவது தெருவின் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம்; அலுவலகத்தின் லாரி நிறுத்தத்துக்கு அடியில். சித்தப்பா நாடாவைச் சுருட்டிக்கொண்டே, அப்படியென்றால் நாம்தான் அவர்களுக்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்றார்.

மத்தியானம் அம்மாவும் நானும் அலுவலகம் போனோம். அதிகாரி என் கணக்கைப் புரட்டவில்லை. சனிக்கிழமைக் காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார். தப்பா போட்டுட்டேன். அதத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

அப்படி வாங்கிக்கொள்ள வழியில்லை என்றார். படம் தப்பாக இருந்தால் நூறு வருடமாக யாரும் சொல்லாமல் இருந்திருப்பார்களா என்றும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்:

"நூறு வருஷமா யாரும் எங்கள வெளிய போகச் சொல்லல சார். அதனால யாரும் சரிபாக்கல. இப்ப சொல்றீங்க, இப்ப பாத்துட்டோம். நாங்க காலி பண்ணப் போறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொன்னார். ஆனால் சொல்லும்போது ஒருமுறை ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டார். கடிதத்தை அவர் கையில் வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

அக்கா வீடு உட்பட மற்ற ஏழு வீட்டுக்கும் போய் 231-ஐ அழித்ததைச் சொன்னேன். இரண்டு வீட்டில் திட்டினார்கள். மூட்டை கட்டியிருந்த ஒரு வீட்டில் அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நாளை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று முடிவானது. சாவியைப் பிடுங்கிவிடுவார்களே என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "பிடுங்கட்டும், பம்ப அந்த அதிகாரியே ஓட்டட்டும்" என்றார்.

நாளை காலை ஏழு மணி: சித்தப்பா உள்ளே, வளைவிலிருந்து நூறாவது மீட்டரில் நின்று சுவரில் சம்மட்டியால் அடிப்பார், நிமிடத்துக்குப் பத்து அடி. அங்கே மேலே ஏழு மீட்டர் பாறைதான். லாரிகள் கிளம்பியதும் எட்டு வீட்டுக்காரர்களும் நிறுத்தத்தில் தரையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். சுரங்கம் எங்கே போகிறதென்று எல்லோரும் பார்க்க, சத்தம் வரும் இடத்தில் நான் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும்.