செருவுபல்லெயில் ஒரு புள்ளி

1

இது எனக்கு நடந்த கதை இல்லை. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் சுகன்யாதேவி, என் மனைவி யோகத்திடம் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். எழுதட்டுமா என்று பிறகு அவளிடமே கேட்டேன். ஊர்ப்பெயரை மாற்றச் சொன்னாள். ஆகவே செருவுபல்லெ நான் வைத்த பெயர். தெலுங்கில் செருவு என்றால் குளம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெயிலில் வெடித்துக் கிடந்த அந்த நிலம் வானத்தைப் பார்த்து...'

(விட்டுவிட்டேன். அந்த நிலத்தை நான் கண்டதில்லை. யன்னலுக்கு வெளியே மழை வேறு.)

2

சுகன்யா ஆந்திர எல்லையோரக் குடியாத்தத்துக்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரை ஆராய்கிறாள். போன கோடையில் ஆந்திராவின் செருவுபல்லெ மண்டலத்துக்குப்* போய், வறண்ட ஊர்களில் எங்கே குழாய்க்கிணறு தோண்டலாம் என்று அளந்து வந்தாள். பகலெல்லாம் அவளோடு, மண்ணுக்குள் மின்சாரம் விட்டு நீரை அளக்கும் கம்பிச்சுருளைத் தூக்கி நடந்தவள் நாகலட்சுமி. செருவுபல்லெ ஊருக்கு வெளியே, தலித் காலனியில் இருப்பவள்.

வரைபடத்தில் சுகன்யா வைத்த புள்ளி அந்தக் காலனி ஓரத்தில் விழுந்தது.

* இலங்கையில் எங்கள் உதவி அரசாங்க அதிபர் பிரிவு மாதிரி. தமிழ்நாட்டு வாசகர்கள் தாலுகாவைவிடச் சின்னது என்று வைத்துக்கொள்ளலாம்.

3

மண்டல அதிகாரி தொலைபேசியில் வந்தார். புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி ஊருக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். பெரிய தெருக்காரர்கள் காலனிக்கு வந்து தண்ணீர் பிடிக்கமாட்டார்கள், தகராறு வந்தால் திட்டமே போய்விடும் என்றார்.

(இவரை முதலில் வில்லனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். சுகன்யா படித்துவிட்டு, அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர் என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.)

சுகன்யா அன்று மாலை கீழே இறங்கி வந்தாள். நகர்த்தினால் வெறும் பாறையில் துளை விழும். நகர்த்தாவிட்டால் திட்டம் நின்று, யாருக்கும் தண்ணீர் இல்லை. அதைவிட மோசம், காலனியில் தோண்டி அளவு பொய்த்துப் போனால் காலனிக்காரர்களைத்தான் ஊர் ஏசும். இதையெல்லாம் அவள் எங்கள் சமையலறையில் நின்று சொன்னாள்.

"நீர் ஏன் அந்த ஆளோட மட்டும் கதைக்கிறீர்?" என்றாள் யோகம். "தண்ணி தூக்கிறது அவரே?"

4

அடுத்த வாரம் வீடியோ அழைப்பில் ஊர்க்கூட்டம். பெண்களும் இருக்கவேண்டும் என்று சுகன்யா கேட்டிருந்தாள். திரையில் அதிகாரி, அவருக்குப் பின்னால் பெரிய தெருப் பெண்கள், கடைசியில் வாசலோரம் நாகலட்சுமி. சுகன்யா தன் எல்லையோரத் தெலுங்கில் தடுக்கித் தடுக்கிப் பேசினாள்.

வாசலிலிருந்து நாகலட்சுமி கேட்டாள். "அங்கே கட்டாயம் தண்ணீர் வருமா?"

ஆம் என்று சொல்லிவிட நா துடித்தது என்று சுகன்யா பிறகு சொன்னாள். அவள் சொன்னது இது: "கட்டாயம்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா அங்க வரலைன்னா, இந்த ஊர்ல வேற எங்கயும் வராது."

அங்கே மௌனம் விழுந்தது. 'அந்த மௌனத்தில் நூற்றாண்டுகளின்...'

(இல்லை. அங்கே குழந்தை ஒன்று அழுதது, அவ்வளவுதான்.)

பிறகு பெரிய தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள். தண்ணீர் லாரி வருகிற நாளில் தான் வயலுக்குப் போவதில்லை, கூலி போகிறது, மகள் பள்ளிக்கூடம் போவதில்லை என்றாள். தண்ணீர் இருக்கிற இடத்தில் தோண்டுங்கள், நடந்து போகிறவள் நான்தானே என்றாள். இன்னும் சிலர் அவள் பக்கம் தலையாட்டினார்கள். அதிகாரிக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தது போலிருந்தது. சரி என்றுவிட்டார்.

5

தோண்டிய அன்று சுகன்யா வேலைக்குப் போகவில்லை. நாகலட்சுமியின் கைபேசி வழியாக நாங்கள் மூவரும் பார்த்தோம். வெள்ளைத் தூசி. மறுபடி தூசி. யோகம் என் கையைப் பிடித்திருந்தாள். பிறகு தூசி கறுத்தது, சேறானது, சேறு பீறிட்டு மேலே எழுந்தது.

"நீள்ளு வச்சாயி," என்றாள் நாகலட்சுமி. தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். யோகத்துக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் அவள்தான் முதலில் அழுதாள்.

6

இனி முடிவு. பெரிய தெருக்காரர்கள் தங்கள் பக்கம் தனிக்குழாய் போட்டுக்கொண்டார்கள் என்று ஒன்று எழுதினேன். எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள் என்று இன்னொன்று. முதலாவதை நம்ப மனமில்லை, இரண்டாவதை நம்பத் துணிவில்லை.

நேற்று நாகலட்சுமி படம் ஒன்று அனுப்பினாள். குழாயடியில் ஆட்கள் இல்லை. குடங்கள் மட்டும், பச்சை, நீலம், சிவப்பு பிளாஸ்டிக், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லாதீர்கள்.