மாடி மாடியாக ஏறிய நாற்பது பெட்டி

எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆறாவது மாடிதான் காய்ச்சல் வார்டு. அங்கே தினமும் ஒன்பது ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தேன். டிசம்பர் இரண்டாம் வாரம் அது பதினேழாயிற்று. மூன்றாம் வாரம் முப்பத்தொன்று. சிலிண்டரைச் சாய்த்து உருட்டுகிறவனுக்கு எந்த டாக்டரும் வந்து கணக்குச் சொல்ல வேண்டாம். இடுப்பே சொல்லும்.

அதே மாடியில்தான் என் மனைவி தாவ்சியாங் வேலை செய்கிறாள். நோயாளிகளைத் துடைப்பது, மலம் அள்ளுவது, கஞ்சி ஊட்டுவது. பதினொரு நாளாக அந்த வார்டுக்குப் புது மாஸ்க் வரவில்லை. ஒரே மாஸ்க்கை அலசி ஜன்னல் கம்பியில் காயப்போட்டு மறுநாளும் அதையே மாட்டிக்கொண்டு போனாள். ஸ்டோர் பொறுப்பாளர் பாங்கிடம் மூன்று தடவை போய்க் கேட்டேன்.

"இருக்கறத வச்சு ஓட்டச் சொல்லு கெங். உன் பொண்டாட்டி என்ன பட்டத்து ராணியா?" சூரியகாந்தி விதையைக் கடித்து என் செருப்புப் பக்கமாகத் துப்பினான்.

"இல்லன்னா இல்லன்னு எழுதிப் போடுங்க. அதுக்குத்தான கேக்கறாங்க?"

"எனக்குப் பாடம் எடுக்கறியா? போ, போய் வண்டியத் தள்ளு."

கேட்கிறவர்கள் இருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரியில் என்ன தீர்ந்துபோகிறது என்று வாராவாரம் விசாரிக்கவே நகரத்தில் ஓர் அலுவலகம். மாஸ்க்கும் கையுறையும் ஆக்சிஜனும் ஓர் ஊரில் ஒரே சமயத்தில் தீர்ந்தால் அங்கே ஏதோ பரவுகிறது என்று அர்த்தம். நோய்க்குப் பேர் வைக்கும் முன்பே பிடித்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் தட்டுப்பாடு என்று எழுதினால் அது ஸ்டோர்க்காரன் செய்த குற்றம். அதனால் மூன்று வருடமாகப் பாங் ஒவ்வொரு வாரமும் "இருப்பு போதுமானது" என்றே எழுதினான். அதற்குப் பாராட்டாக வருடத்துக்கு ஒன்றாக மூன்று சிவப்புப் பட்டுக்கொடி வாங்கித் தலைக்கு மேல் மாட்டியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அலுவலகமே நேரில் பார்க்க வந்தது. ஃபூ என்ற பெண் அதிகாரியும் கூட இரண்டு பேரும். அவர்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது துணை இயக்குநர் லியாவ் என்னைப் பின்பக்க லிஃப்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே நாற்பது பெட்டி மாஸ்க். ஊரிலுள்ள பல் டாக்டர்களிடம் கெஞ்சி வாங்கிய இரவல்.

"மொதல்ல மூணாவது மாடியில அடுக்கு. அவங்க பாத்துட்டு அந்தாண்ட போனதும் எடுத்து நாலுல வையி. அப்பறம் அஞ்சு, ஆறு. ஒரு பெட்டியும் நசுங்கக் கூடாது, சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

"ஆறாவது மாடியிலயிருந்தும் திருப்பி எடுக்கணுமா?"

"சீன மொழியிலதான சொன்னேன்?"

மூன்றாவது மாடியில் அடுக்கினேன். ஃபூ எண்ணினாள், கைக்கணினியில் குறித்தாள். அள்ளிக்கொண்டு நாலுக்கு ஓடினேன். அங்கேயும் அதே நாற்பதை எண்ணிக் குறித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே லிஃப்ட்டில் நின்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பெட்டிகளை என் மனைவியின் கண்ணெதிரே அடுக்க வேண்டும். தொடாதே என்று அவளிடம் சொல்ல வேண்டும். பிறகு நானே அள்ளிக்கொண்டு போக வேண்டும். மணல் சுமந்திருக்கிறேன், பிணம் சுமந்திருக்கிறேன். இப்படி ஒரு பொய்யைச் சுமந்ததில்லை.

ஐந்தை அமுக்கவில்லை. ஆறை அமுக்கினேன்.

நடைபாதை முழுக்கக் கட்டில். நடக்க இடமில்லை. ஒருவன் இருமி முடிப்பதற்குள் அடுத்தவன் ஆரம்பித்தான்.

"என்னய்யா இது, கல்யாணச் சீர் மாதிரி அடுக்கிக் கொண்டாந்திருக்க?" என்றாள் தாவ்சியாங்.

"கிழி."

"என்னது?"

"பெட்டியக் கிழிடி. எல்லாத்தையும். ஒண்ணு விடாத."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். மற்ற பெண்களைக் கூவி அழைத்தாள். கையாலும் பல்லாலும் கிழித்தார்கள். நர்சுகள், நோயாளிகள், கட்டிலடியில் படுத்திருந்த சொந்தக்காரர்கள் என்று எல்லார் கையிலும் திணித்தார்கள்.

ஐந்தாவது மாடியில் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு அவர்கள் மேலே வந்தார்கள். லியாவின் முகம் வெளுத்திருந்தது. பாங் லிஃப்ட்டிலிருந்தே கத்தினான். "திருட்டு நாயே!"

ஃபூவிடம் சொன்னேன். "மேடம், நீங்க மூணுலயும் நாலுலயும் எண்ணினது இதே நாப்பது பெட்டிதான். இதுவும் இரவல். இங்க பதினோரு நாளா மாஸ்க் இல்ல. ஒம்பது சிலிண்டர் போன எடத்துல முப்பத்தொண்ணு போவுது. ஸ்டோருல ஒண்ணுமே இல்ல, காலி. எழுதிக்கங்க."

அவள் நடைபாதையைக் கடைசிவரை பார்த்தாள். பார்க்காமலில்லை. கிழிந்த பெட்டி ஒன்றிலிருந்து ஒரு மாஸ்க்கை உருவி மாட்டிக்கொண்டு, மூக்கின்மேல் கம்பியை அழுத்தி விட்டுக்கொண்டாள்.

"படிவத்துல பற்றாக்குறைக்குக் காரணம்னு நாலுதான் இருக்கு," என்றாள். "போக்குவரத்துத் தாமதம், சேதம், திருட்டு, மற்றவை. மற்றவைன்னு போட்டா மேல விளக்கம் கேப்பாங்க."

"திருட்டு," என்றார் லியாவ்.

"உங்க ஆபீஸ் இருக்கறதே இதுக்குத்தானம்மா!" கத்திவிட்டேன். "கட்டில எண்ணுங்க! பெட்டிய எண்ணினீங்கல்ல, கட்டிலயும் எண்ணுங்க!"

அவள் விரல் திரையில் ஒரு முறை பட்டது. திருட்டு. எங்கள் ஊரில் எதுவும் பரவவில்லை. மாஸ்க்கைத் தூக்கிப்போகிற ஒரு கூலிக்காரன்தான் இருந்தான்.

"அடையாள அட்டைய அவுத்துக் குடுத்துட்டுப் போ, வேலை முடிஞ்சுது," என்றார் லியாவ். கழுத்திலிருந்து அறுத்து அவர் காலடியில் எறிந்தேன்.

பாங் வார்டைப் பார்த்துக் கூவினான். "எல்லாத்தையும் கழட்டுங்கடி! அது பல் டாக்டருங்களுது!"

தாவ்சியாங் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "வா. நீயே வந்து கழட்டு. இருவத்தேழாம் கட்டில்கிட்ட நிக்கறேன். இந்தத் தாத்தாதான் ரெண்டு நாளா ரத்தமாத் துப்பறாரு. மொதல்ல இவரோடத கழட்டு."

லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. பாங் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். லியாவும் நின்றார். லிஃப்ட் வாசலுக்கு இந்தப் பக்கம் இருவரில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை.