பும்பாலோ சொன்னது யார்?

"பும்பாலோ!"

லிஃப்ட் குழியிலிருந்து கிளம்பிய சத்தம் இருட்டுச் சுவர்களில் முட்டி மோதி, பன்னிரண்டு மாடி ஏறி, உச்சியிலிருந்த மோட்டார் அறைக்குள் வந்து விழுந்தது. அங்கே காத்திருந்த லிஃப்ட் மெக்கானிக் ஸ்பானர் மெயின் ஸ்விட்சைத் தூக்கினான். மோட்டார் உறுமியது. லிஃப்ட் தரைத்தளத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

அவ்வளவுதான் ஏற்பாடு. கீழே குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவன் பஞ்சு. வேலை முடிந்து குழியை விட்டு வெளியே வந்ததும் அவன் கத்துவான். மேலே இருப்பவன் கரண்ட் கொடுப்பான். கரண்ட் வந்த மறுகணம் அந்தப் பழைய லிஃப்ட் எங்கே நின்றிருந்தாலும் தானாகவே தரைத்தளத்துக்கு இறங்கிவிடும். குழியில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பஞ்சு என்று பெயர் வைத்தவர்கள் குறும்புக்காரர்கள். அவன் ஏறினால் எடை மெஷின் முனகும். ஸ்பானரின் தங்கையைக் கட்டியவன். அதனால் வீட்டில் மாப்பிள்ளை மரியாதை, வேலையில் குழி.

முன்பெல்லாம் "சரி" என்றுதான் கத்துவார்கள். வேறொரு கட்டடத்தில், ஆறாவது மாடியில் எவனோ போனில் மனைவியிடம் "சரி, சரி, சரி" என்று மன்றாடிக்கொண்டிருக்க, ஸ்பானரின் கை ஸ்விட்சு வரை போய்விட்டது. மோட்டார் அறைக்குள் போனுக்கு சிக்னலும் கிடையாது. ஆகவே யாருமே சொல்லாத ஒரு வார்த்தை தேவைப்பட்டது. பஞ்சு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அதை உண்டாக்கினான்.

"பும்பாலோ."

"அப்படின்னா என்ன மாப்ள?"

"ஒண்ணுமே இல்ல மச்சான். அதான் அதோட விசேஷமே. உலகத்துல ஒரு பய சொல்ல மாட்டான்."

உலகம் அவனைப் பொய்யாக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் தொற்றியது வாசலில் இருந்த வாட்ச்மேனுக்கு. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வழக்கமாக "வரலாம், வரலாம்" என்பவர், கடைசியில் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "பும்பாலோ!" என்றார். கார்க்காரர் சிரித்தார். சிரித்தவர் அதை ஆபீசுக்குக் கொண்டு போனார். நான்காவது மாடி தையல்கார அக்கா மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "உங்க பேன்ட் பும்பாலோ, வந்து வாங்கிக்கோங்க!" என்று கீழ்வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தாள். எட்டாவது மாடி ரிடையர்டு பேங்க் மேனேஜர் மாத்திரை விழுங்கிவிட்டு அதையே சொன்னார். புதிதாகக் குடிவந்த தம்பதிக்குள் சண்டை வர, அந்தப் பெண், "போதும், நமக்குள்ள எல்லாமே பும்பாலோ!" என்று கதவைச் சாத்தினாள். அரை மணி நேரத்தில் இருவரும் கைகோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். ஆக, முடிந்தது என்பதற்கும் அதுதான், முடியவில்லை என்பதற்கும் அதுதான்.

ஒரு நாள் பஸ்ஸில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"எக்ஸாம் எப்படிடி?"

"பும்பாலோடி!"

பின் சீட்டில் பஞ்சு. பூரிப்பில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டு, திரும்பி நடந்தே வந்தான். வந்ததும் மச்சானிடம் மூச்சுவிடாமல் சொன்னான். ஸ்பானர் சிரிக்கவில்லை.

"மாத்திடலாம் மாப்ள. வேற வார்த்தை வை."

"ஏன்?"

"ஊரே கத்துது. எது நீன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என் குரல் உனக்குத் தெரியாதா?"

"அந்த ஓட்டைக்குள்ள எல்லாக் குரலும் ஒரே குரல்தான். நீ கத்தினாலும் தையல்கார அக்கா கத்தினாலும் மேல வரும்போது எருமை கத்துற மாதிரிதான் இருக்கு."

"இதை அக்காகிட்ட சொல்லவா?"

"சொல்லேன். கத்திரியோட வருவாங்க, உனக்கும் சேர்த்து வெட்டு விழும்."

பஞ்சு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நாம பெத்த பிள்ளை மச்சான் அது. நாலு பேர் கொஞ்சுறாங்கன்னு தூக்கிப் போட்டுருவியா? இந்தக் கட்டடம் முடியட்டும், மாத்திக்கலாம்."

"ஏதாவது ஆச்சுன்னா என் தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

"அவளும்தான் சொல்றா. காலையில குழம்பு பும்பாலோங்கிறா."

ஸ்பானர் விட்டுக்கொடுத்தான். மாப்பிள்ளையின் முகம் தொங்கினால் வீட்டில் தங்கையின் முகமும் தொங்கும்.

மறுநாள் காலை. குழிக்குள் ஒரு சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அதை அமுக்கி வைத்தால் மேலே மெயின் போட்டாலும் லிஃப்ட் அசையாது. பழசாகிப்போன அந்த ஸ்விட்சைத்தான் அன்று மாற்ற வேண்டும். யாரும் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று தரைத்தளக் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சு டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்த்தான். புது ஸ்விட்சை மாட்டி, வயர்களை இணைத்துவிட்டான். மூடியின் திருகுகள் மட்டும் பாக்கி, அதனால் ஸ்விட்சை இன்னும் அமுக்கி வைக்கவில்லை. ஒரு திருகு கைநழுவி உருண்டு ஓடியது. பஞ்சு குழியின் தரையில் குப்புறப் படுத்து அதைத் தேடினான்.

மேலே ஸ்பானர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"பும்பாலோ!"

மெயினைத் தூக்கினான். மோட்டார் உறுமியது. ஏழாவது மாடியில் நின்றிருந்த லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. ஆறு. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று.

"பும்பாலோ!"

இரண்டாவது தடவை.

குழியை விட்டு வெளியே வந்தவன் ஒரு தடவைதான் கத்துவான். இரண்டாவது தடவை கத்த அவனுக்கு வேலையே இல்லை. அப்படியானால் இதில் ஒன்று அவனுடையது அல்ல. எது?

யோசிப்பதற்கு முன் கை யோசித்துவிட்டது. மெயினை அடித்து இறக்கினான். மோட்டார் செத்தது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படிகளில் பாய்ந்தான்.

எட்டாவது மாடியில் பேங்க் மேனேஜர் கையில் தண்ணீர் டம்ளர்.

"என்ன தம்பி அவசரம்?"

"சார், நீங்க இப்ப ஏதாவது சொன்னீங்களா?"

"மாத்திரை போட்டாச்சான்னு வீட்ல கேட்டாங்க. பும்பாலோன்னேன்."

ஒன்று ஆயிற்று. மற்றது பஞ்சுவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நான்காவது மாடிக்கு வந்தான். தையல்கார அக்கா கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க..."

"ஆமாப்பா, ரெண்டாவது மாடி சட்டை பும்பாலோ ஆயிடுச்சு. கத்துறேன், காதுலயே விழல அந்த மனுஷனுக்கு!"

இரண்டும் போயிற்று.

மிச்சப் படிகளை ஸ்பானர் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. தரைத்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்தான். தலைக்கு மேலே, கைக்கு எட்டும் தூரத்தில் லிஃப்ட் கூண்டின் அடிப்பாகம் கறுப்பாகத் தொங்கியது. அதற்குக் கீழே, குழிக்குள் ஒரு டார்ச் வெளிச்சம். வெளிச்சத்தின் பின்னால் பஞ்சு.

"என்ன மச்சான்? நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

ஸ்பானர் மேலே விரலைக் காட்டினான். பஞ்சு டார்ச்சைத் திருப்பினான். பார்த்தான். டார்ச் கீழே விழுந்தது.

"இது... ஏழாவது மாடியில இல்ல நின்னுச்சு?"

"வெளிய வா."

அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஏணி ஏறியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. இருவரும் வாட்ச்மேனின் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பாட்டிலில் இருந்த தண்ணீரை மாற்றி மாற்றிக் குடித்துத் தீர்த்தார்கள்.

"வேற வார்த்தை வைக்கிறேன் மச்சான்," என்றான் பஞ்சு. "யாருக்குமே பிடிக்காத வார்த்தையா."

"இனி வார்த்தையே கிடையாது." ஸ்பானர் சட்டைப்பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினான். "இது உன் பாக்கெட்ல இருக்கும். குழியில நீ இருக்கற வரைக்கும் உலகமே கத்தினாலும் கரண்ட் வராது. வேலை முடிஞ்சதும் நீயே மேல வந்து என் கையில குடு."

"படியேறியா? பன்னெண்டு மாடியா?"

"லிஃப்ட்டுக்குத்தான் கரண்ட் இல்லையே மாப்ள."

பஞ்சு மறுபடி குழிக்குள் இறங்கினான். திருகைக் கண்டெடுத்து மூடியை மாட்டினான். வெளியே வந்து, கதவைப் பூட்டி, படியேற ஆரம்பித்தான்.

இரண்டாவது மாடியில் புதுச்சட்டைக்காரர், "வேலை பும்பாலோவா?" என்று கேட்டார். பஞ்சு தலையாட்டினான். நான்காவதில் அக்கா கேட்டாள். பாதித் தலைதான் ஆடியது. எட்டாவதை எட்டியபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அங்கே பேங்க் மேனேஜர், பார்க்க வந்த விருந்தாளி ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"பும்பாலோங்கிறது ரொம்பப் பழைய வார்த்தைங்க. எங்க சித்தப்பா கப்பல்ல வேலை பார்த்தார். நங்கூரம் போட்டதும் மாலுமிங்க எல்லாரும் ஒண்ணா நின்னு கத்துவாங்களாம். அவர்தான் இங்க கொண்டு வந்தார். நான் சின்ன வயசுலயே கேட்டிருக்கேன்."

"அப்படியா!" என்று வியந்தார் விருந்தாளி.

பஞ்சு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். ஷூ கயிறு, குழி, மச்சான் எல்லாம் தொண்டை வரை வந்தன. மூச்சு மட்டும் வரவில்லை.

"என்ன தம்பி, உங்களுக்கும் தெரியுமா இந்தக் கதை?" என்றார் மேனேஜர் கனிவாக.

மேலேயிருந்து ஸ்பானரின் குரல் வந்தது. "மாப்ள! எங்கடா இருக்க?"

பஞ்சு இன்னும் ஏற வேண்டிய படிகளைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாயை மூடி, அடுத்த படியில் கால் வைத்தான்.