பேசில் கிராணி கொடுத்த லீவு

1926ஆம் ஆண்டிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் மார்ட்டிமர் செங்கல் கம்பெனியில் லீவு எடுத்தவர்கள் லீவு முடியும்வரை எங்கும் இருக்கவில்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இல்லை, கள்ளுக்கடையில் இல்லை, கிள்ளானில் அக்கா வீட்டிலும் இல்லை. ஆபீஸ் எழுத்தர் பேசில் கிராணி லீவுச் சீட்டில் போட்ட கையெழுத்தின் மை உலர்ந்ததும் ஆள் மறைவார். சீட்டில் எழுதிய தேதியன்று காலை ஆறு மணிப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வந்து நிற்பார். அதே வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து சூளை அவிந்தது. ஊர் வெள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

பேசிலுக்கு அப்போது பத்தொன்பது வயது. துரைக்குச் செங்கல்லைத் தெரியும், பேசிலுக்கு ஆட்களைத் தெரியும். இருநூற்றுப் பத்துப் பேரை வேலைக்கு எடுப்பது, லயத்தில் அறை ஒதுக்குவது, சண்டை தீர்ப்பது, லீவு கொடுப்பது எல்லாம் அவன்தான். தைப்பூசத்துக்கு மூன்று நாள் லீவு வாங்கிய பழனியப்பன், பத்துமலையைக் கண்ணால் பார்க்காமலே நான்காம் நாள் வந்து நின்றார். மொட்டை போட நினைத்த தலையில் முடி அப்படியே இருந்தது. “கிராணி, முருகனுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கல் அறுக்கப் போனார். பல்வலிக்கு லீவு எடுத்தவன் ஒரு வாரம் கழித்து அதே பல்வலியோடு வந்தான். லீவில் இருப்பவருக்கு நாள் ஓடுவதில்லை என்று அதன்பிறகு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. திருவிழாவுக்கு யாரும் லீவு கேட்பதில்லை. மாமியார் வரும் வாரத்துக்கு மட்டும் கூட்டம் தாங்காது.

1931 தொடக்கத்தில் செங்கல் வாங்க ஆளில்லாமல் போயிற்று. குடும்பம் இல்லாத நாற்பது பேரை மாதக் கடைசிக்குள் வேலையிலிருந்து பேர் வெட்டி நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றும்படி துரை பட்டியல் கொடுத்தார். பதினேழாவது பெயர் ரோசலின். கல் சுமக்கும் ரோசலினைக் கட்டிக்கொள்வதென்று பேசில் இரண்டு வருஷமாக முடிவோடு இருந்தான். பெண் மூன்று வயது மூப்பு என்று அவன் அம்மா டோரிஸ் அதே இரண்டு வருஷமாக முடியாது என்றிருந்தாள். கப்பல் ஏறினால் இரண்டு முடிவுக்கும் வேலையில்லை. ரோசலினுக்கு நாகப்பட்டினத்தில் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அவள் பிறந்ததே இந்த லயத்தில்தான்.

பேசில் நாற்பது லீவுச் சீட்டு எழுதினான். திரும்பும் தேதி 1934 பிப்ரவரி ஒன்று. அன்றைக்கு வேலை இருக்குமா என்று பழனியப்பன் கேட்டதற்கு, “தேதி போட்டாச்சுண்ணே, இனி வேலைதான் வரணும்” என்றான்.

சீட்டை வாங்கிய ரோசலின் மையை ஊதவில்லை.

“மூணு வருஷத்துல உங்கம்மா வேற பொண்ணு பாத்துருவாங்க லா.”

“பாக்கட்டும். நான் லீவுல இல்லையே, இங்கேயே நின்னு வேணாம்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்.”

“வேலை வரலேன்னா?”

“மறுபடி லீவு தரேன்.”

“பெரிய சாமர்த்தியம்” என்று சொல்லி அவள் ஊதினாள்.

மாதக் கடைசியில் துரை வந்து நாற்பது பேரும் எங்கே என்றார். லீவில் இருப்பதாகப் பேசில் சொன்னான். லீவில் இருப்பவனைப் பேர் வெட்டக் கைநாட்டு வேண்டும், கைநாட்டுக்குக் கை வேண்டும். சம்பளம் உண்டா, சாப்பாடு உண்டா, கப்பல் டிக்கெட் உண்டா என்று துரை கேட்டார். எதுவும் இல்லை என்றதும், இத்தனை ஒழுக்கமான ஆட்களைத் தாம் கண்டதில்லை என்றார்.

மூன்று வருஷத்தில் டோரிஸ் ஐந்து பெண் பார்த்தாள், பேசில் ஐந்து முறை வேண்டாம் என்றான். 1934 தைமாதம் கட்டட வேலைகள் மறுபடி கிளம்பின. ஆட்களைக் கப்பலேற்றிய கம்பெனிகளெல்லாம் செராஸ் வரை ஆள் தேடி அலைந்தன. பேசில் மட்டும் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி நாற்பது பெயரைக் கூப்பிட்டான், நாற்பது பேரும் வந்து நின்றார்கள். சிலர் குவளையில் தேத்தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. பவுனம்மாள், வாளியைத் திருடியதாக விஜயனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது மை உலர்ந்தவள். மீதித் திட்டைப் பெரட்டில் வைத்து முடித்தாள். தப்பித்தோம் என்று மூன்று வருஷம் நிம்மதியாக இருந்த விஜயன் மறுநாளே வாளியைக் கொண்டுவந்து வைத்தான்.

ரோசலின் பேசிலை ஏற இறங்கப் பார்த்தாள். “மீசை வச்சிருக்கீங்க” என்றாள்.

டோரிஸ் ஜெபமாலை மணிகளில் இருவர் வயதையும் எண்ணினாள், பிறகு மறுபக்கமிருந்து எண்ணினாள். இரண்டு முறையும் கணக்குச் சமமாகவே வந்ததால் சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணத்தைக் கோயில் பதிவேட்டில் எழுதும்போது, ரோசலினின் ஞானஸ்நானப் பத்திரத்தைச் சாமியார் கொஞ்சநேரம் பார்த்தார்.

“லீவு போக?” என்று கேட்டார்.

“இருபத்தேழு, சாமி” என்றாள் ரோசலின்.

இருவருக்கும் இருபத்தேழு என்று எழுதி ஒற்றுத்தாளால் ஒற்றினார்.

கல்யாணத்துக்கு அவர்கள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மாற்றி, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டில் நின்றார்கள்.