கம்பெனி ரிஸ்க்

திங்கள்.

என் அத்தை ராசாத்திக்குச் சூலகப் புற்றுநோய் மறுபடி வந்திருக்கிறது. சேலம் ஆஸ்பத்திரி ஒன்றில் புது மருந்துச் சோதனை நடக்கிறது. சேர்வதானால் வியாழன் மாலை ஐந்துக்குள் ஒப்புதல் படிவம் கொடுத்தாக வேண்டும். நாமக்கல்லில் நான் போகும் மாலை நேர லேப் டெக்னீசியன் வகுப்பை நம்பி, அத்தைக்கு விளக்கும் வேலையை வீட்டில் என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினான்கு குறிப்புகள் எழுதினேன். ஒன்பதாவது தப்போ என்று ஆசிரியரிடம் இருமுறை கேட்டேன்.

செவ்வாய்.

மூன்றாவது குறிப்பிலேயே அத்தை கொட்டாவி விட்டார். இருபத்திரண்டு வருடமாக லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர். நோட்டை மூடினேன்.

"போன தடவை மருந்து ஒடம்பெல்லாம் எறங்குச்சுங்க அத்தை. அதான் முடி கொட்டுச்சு. இதுல மருந்தை ஒரு ஹார்மோனோட சேத்துக் கட்டி அனுப்பறாங்க. அந்த ஹார்மோனைப் புடிக்கற ஏற்பி எந்த செல்லு மேல இருக்கோ, முக்காவாசி அங்கதான் எறங்கும்."

"டோர் டெலிவரி."

"அப்படித்தானுங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி? பதினாலு பக்கம் எழுதிட்டு வந்திருக்கற."

குறிப்புதான் பதினான்கு, பக்கம் ஆறு. திருத்தவில்லை.

வியாழன்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் தனசேகரை அத்தை விசாரித்தார்.

"ஏனுங்க, என்ற கட்டியில அந்த ஏற்பி இருக்குதுன்னு யாரு பாத்தாங்க?"

"இனிமேதாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா, போன தடவை ஆபரேஷன்ல எடுத்த சதையைச் சோதிப்போம். ஏற்பி இல்லைன்னா இந்த மருந்து குடுக்க மாட்டோம்."

"வேற எங்கயும் எறங்காதுங்களா?"

டாக்டர் தயங்கினார். "மூளைக்கு அடியில ஒரு சுரப்பியிலயும் அதே ஏற்பி உண்டுங்க. கவனிச்சுட்டே இருப்போம். குணமாகுமான்னு இப்பத் தெரியாது."

"தெரியாததத் தெரியாதுங்கறீங்க. பேனா குடுங்க."

படிவத்தின் எட்டுப் பக்கத்திலும் கையெழுத்து மளமளவென்று முடிந்தது. நாலே முக்காலுக்கு நர்ஸ் பிரீத்தி படிவத்தோடு திரும்பி வந்தார். "இது என்னங்க?"

கடைசிப் பக்கத்தில் 'பக்கவிளைவுகளின் அபாயத்தை அறிந்து சம்மதிக்கிறேன்' என்ற வரியை அத்தை அடித்திருந்தார். மேலே 'கம்பெனி ரிஸ்க்'. பக்கத்தில் ஆபீஸ் சீல். சரக்கு உடைந்தால் யார் பொறுப்பு என்று லாரி ரசீதில் 'ஓனர் ரிஸ்க்', 'கம்பெனி ரிஸ்க்' என இரண்டு வரி இருக்கும். ஒன்றை அடித்துச் சீல் வைப்பார்கள்.

"பழகின கை சாமி. சீலு பையிலயே கெடந்துச்சு."

டோர் டெலிவரிக்கு நான் தலையாட்டியதுதான் இதற்கெல்லாம் ஆரம்பம் என்று தோன்றியது.

"அடிச்சது செல்லாதுங்க," என்று பிரீத்தி புதுப் படிவம் நீட்டினார். மணி நாலு ஐம்பத்திரண்டு. சீலை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். அதே வரிக்கு வந்ததும் அத்தையின் பேனா நின்றது. இந்தத் தடவை அதை மெதுவாகப் படித்தார்.

"சரக்கும் நாந்தான், லாரியும் நாந்தான். வேற யாரு ரிஸ்க்கு," என்று கையெழுத்திட்டார். மூன்று நிமிடம் மிச்சம்.

பன்னிரண்டு நாள் கழித்து, செவ்வாய்.

ரிப்போர்ட்டை மூன்று முறை படித்துவிட்டுத்தான் அத்தைக்குப் போன் செய்தேன். "ஏற்பி இருக்குதுங்க அத்தை."

அந்தப் பக்கம் லாரி ஹாரன். "டெலிவரி எடுக்க ஆளு ஊட்டுல இருக்கான்னு சொல்லு."

"ஆமாங்க."

"அப்ப லோடு ஏத்தச் சொல்லு." ஹாரனை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். "ஏன் பிரவீனா, இந்தத் தடவை முடி கொட்டாதுல்ல?"

பதினான்கு குறிப்புகளில் அது இல்லை.

"தெரியலைங்க அத்தை. கேட்டுச் சொல்றேன்."

"கேட்டு எழுதி வெய்யி. திங்கக்கெழம நானு வாரேன்."