நிரம்பாத தொட்டி

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் இருபத்திரண்டு வருஷமாக நிரம்பியதே இல்லை. மேஸ்திரியான அப்பா தன் கையாலேயே கட்டியது. தெருவில் கழிவு லாரி வந்து நின்றால் போதும், வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். "நம்ம வீட்டுல அவனுக்கு வேலையே இல்ல" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அந்தப் பெருமையை விருந்தாளிகளிடம் நானும் அளந்திருக்கிறேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே அதுதான். கரையோர வீடுகளின் கழிவு கடலில் கலக்கிறதா என்று மூன்று வருஷமாக ஆராய்கிறேன். பன்னிரண்டு இடங்களில் தண்ணீர் பிடித்துவந்து கிருமி எண்ணுவேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் ஒன்று வேண்டுமே? எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கரையை எடுத்துக்கொண்டேன். அங்கேயும் கிருமி தென்பட்டபோது, பறவை எச்சம் என்று எழுதிவைத்தேன். வாயில்லாத ஜீவன்கள் மறுத்தா பேசப்போகின்றன?

"நம்ம கரையிலயே குளிக்கட்டும்க்கா, அதுதான் சுத்தம்" என்று அக்காவிடம் அடித்துச் சொன்னவளும் நான்தான். அவள் மகள் இரண்டு கோடை விடுமுறையும் அங்கேதான் ஊறிக்கிடந்தாள். இடது காதில் சீழ் பிடித்தது. ஆறியது, மறுபடி பிடித்தது. இப்போது அந்தக் காது அறவே கேட்பதில்லை. "எந்தத் தண்ணியில குளிச்சா?" என்று டாக்டர் கேட்டார். "சுத்தமான தண்ணிதான் டாக்டர், நானே பரிசோதிச்சிருக்கேன்" என்று முந்திக்கொண்டேன். என் நாக்கை இழுத்துவைத்து அறுக்க வேண்டும்.

போன வாரம் ஆய்வுக்கூடத் தலைவி என் அறிக்கையைப் புரட்டினார்.

"எல்லார் வீட்டுக் கக்கூஸ்லயும் சாயம் ஊத்திப் பாத்தீங்க. உங்க வீட்டுல?"

"அது அப்பா கட்டினது மேடம்."

கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்தார். "ஊத்துங்க."

திங்கட்கிழமை பச்சைச் சாயத்தை ஊற்றினேன், சிரித்துக்கொண்டுதான்; தொட்டி கசிந்தால்தானே அது கடலில் தலைகாட்டும்? வியாழக்கிழமை காலை, கடல் உள்வாங்கியிருந்த நேரம், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஈரமணலிலிருந்து பச்சை கசிந்து அலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடியில சிமெண்ட் பூசினீங்களாப்பா?"

குனிந்து அந்தப் பச்சை மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். "பூசலம்மா. மணல்தானே, தண்ணி தானா இறங்கிடும்னு விட்டுட்டேன். அதான் நிரம்பல." பிறகு குரல் உடைந்து கேட்டார்: "பாப்பா காது... இதனாலயா?"

"அப்படி உறுதியா சொல்ல முடியாதுப்பா."

அறிக்கையில் அப்படித்தான் எழுத முடியும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கொத்து வேலை மட்டும் படித்தவர். நான்? அடுத்தவர் வீட்டுத் தொட்டி இருபத்திரண்டு வருஷம் நிரம்பவில்லை என்றால், அது தொட்டியில்லை, வெறும் குழி என்று ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். மூன்று வருஷ உழைப்பு குப்பைக்குப் போகட்டும். அந்தக் காதை எந்தத் திருத்திய அறிக்கை திருப்பித் தரும்?

அப்போதுதான் லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் துண்டோடு ஓடிவந்தாள். தண்ணீரில் இறங்கக்கூடாது என்று டாக்டர் விதித்த ஆறு மாதம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. கடலைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"சித்தி, தண்ணி பச்சையா எவ்வளவு அழகா இருக்கு! இறங்கட்டுமா?"

"வேண்டாம்டி, இறங்காத" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

நான் அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். அவள் துண்டை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடினாள்.